‘இன் பிரிப்பரேஷன் ஃபார்’ என்பதா, ‘இன் பிரிப்பரேஷன் ஆஃப்’ என்பதா?

மைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. சென்ற வாரம், தணிக்கையாளர்கள் வருவதற்கு முன்பாக நாங்கள் முடித்துவைத்த பணிகளைத் தொகுத்து இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினேன். அதன் முதல் வாக்கியம், “இன் பிரிப்பரேஷன் ஆஃப் தி ஆடிட், ஆல் லெட்ஜர்ஸ் வேர் ரிகன்சைல்டு” என்று இருந்தது. மேலதிகாரி அந்த “ஆஃப்” மீது சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் “தணிக்கை செய்வது நாமா, அவர்களா?” என்று தமிழிலேயே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். கணினியின் இலக்கணச் சரிபார்ப்போ அந்த இடத்தில் ஒரு கோடுகூட இடவில்லை.

“ஃபார்” என்று மாற்றினால் சரியாகிவிடும் என்பது புரிகிறது. ஏன் சரியாகிறது என்பதுதான் புரியவில்லை. “இன் தி பிரிப்பரேஷன் ஆஃப் திஸ் ரிப்போர்ட்” என்று நன்றியுரைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அங்கே பொருந்துகிற “ஆஃப்” இங்கே ஏன் பொருந்தவில்லை? “இன் பிரிப்பரேஷன் டு” என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது ஏற்கத்தக்கதா?

பழைய திருத்துநர்:

உங்கள் மேலதிகாரி ஓரத்தில் எழுதிய கேள்வியிலேயே விடை இருக்கிறது, அம்மா. அவர் நல்ல வாசகர்.

“பிரிப்பரேஷன்” என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் இரண்டு விதமான பெயர்கள் வரலாம். ஒன்று, நமக்கு எதிரே வந்துகொண்டிருப்பது: தேர்வு, பயணம், கூட்டம், புயல், தணிக்கை. அதை நாம் உண்டாக்குவதில்லை; அது வரும்போது நாம் தயாராக நிற்கிறோம். அதற்கு “ஃபார்”. மற்றொன்று, நம் கையில் உருவாகிக்கொண்டிருப்பது: அறிக்கை, வினாத்தாள், கரைசல், வரைவு. அதை நாமே ஆக்குகிறோம். அதற்கு “ஆஃப்”. நீங்கள் “ஆஃப் தி ஆடிட்” என்று எழுதியதும், தணிக்கை என்ற பொருளை உங்கள் அலுவலகமே உட்கார்ந்து செய்துகொண்டிருப்பதாகத் தொனிக்கிறது. சிவப்பு மைக்குக் காரணம் அதுதான்.

தமிழறிந்தவருக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது, ஏனெனில் நம் வேற்றுமை உருபுகள் இந்த வேறுபாட்டைக் கறாராகக் காப்பாற்றுகின்றன. மாணவர் தேர்வுக்குத் தயாராகிறார். ஆசிரியர் தேர்வுத்தாளைத் தயாரிக்கிறார். முன்னதில் “கு” உருபு. பின்னதில் “ஐ” உருபு. நான்காம் வேற்றுமையின் பொருள்களை நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று அடுக்கி, அனைத்தையும் “இதற்கிது” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. “இன் பிரிப்பரேஷன் ஃபார்” என்ற தொடர் சொல்வதும் அதே “இதற்கிது” தான்: இந்தத் தணிக்கைக்கு இந்த வேலை.

ஆங்கிலத்தில் “பிரிப்பேர்” என்ற ஒரே வினைச்சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். “தி டீச்சர் பிரிப்பேர்ட் தி எக்ஸாம்” என்றால் ஆசிரியர் வினாத்தாள் எழுதினார். “தி ஸ்டூடன்ட் பிரிப்பேர்ட் ஃபார் தி எக்ஸாம்” என்றால் மாணவர் படித்தார். “தி டீச்சர் பிரிப்பேர்ட் தி ஸ்டூடன்ட் ஃபார் தி எக்ஸாம்” என்றால் ஆசிரியர் மாணவரைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தினார். நாம் தயாரித்தல், தயாராதல், தயார்ப்படுத்துதல் என்று மூன்று வினைகளாகப் பிரித்துவைத்திருப்பதை அவர்கள் ஒரு வினையாலும் “ஃபார்” என்ற ஒரு முன்னிடைச் சொல்லாலும் சமாளிக்கிறார்கள். ஆகவே அந்தச் சிறு சொல்லின் தலையில் சுமை அதிகம். அதை மாற்றிவிட்டால் வாக்கியத்தின் ஆட்களே இடம் மாறிவிடுகிறார்கள்.

நமக்குச் சறுக்கல் நேர்வது தொகைகளில்தான் என்று நினைக்கிறேன். “தேர்வுத் தயாரிப்பு” என்று எழுதும்போது உருபு மறைந்துவிடுகிறது. அது தேர்வுக்கான தயாரிப்பா, தேர்வைத் தயாரித்தலா என்று சொல்லுக்குள் எந்த அடையாளமும் இல்லை. அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விரிக்கப் போனால், கைக்கு முதலில் அகப்படுவது “ஆஃப்”.

மைத்துளி:

மிக்க நன்றி, ஐயா. “தணிக்கைத் தயாரிப்பு” என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன் என்பது இப்போது எனக்கே தெரிகிறது. “தணிக்கைக்கு” என்று நினைத்திருந்தால் கை தானாகவே “ஃபார்” என்று எழுதியிருக்கும். “டு” பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

வரைவாளர்:

திருத்துநர் ஐயா சொன்னதில் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். தமிழ்த் தொகைதான் குற்றவாளி என்பதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பேச்சில் நாம் “எக்ஸாமுக்கு பிரிப்பேர் பண்றேன்” என்றுதானே சொல்கிறோம்? “எக்ஸாமை பிரிப்பேர் பண்றேன்” என்று எந்த மாணவரும் சொல்வதில்லை. பாதி ஆங்கிலம் கலந்த பேச்சிலும் “கு” உருபு கீழே விழாமல் நிற்கிறது. அப்படியானால் இந்தப் பிழை நாவிலிருந்து வரவில்லை; எழுத்திலிருந்து வருகிறது.

ஆங்கில அலுவல் நடையில் “இன்” என்று தொடங்கி “ஆஃப்” என்று முடியும் தொடர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்: இன் வியூ ஆஃப், இன் கேஸ் ஆஃப், இன் சப்போர்ட் ஆஃப், இன் சர்ச் ஆஃப், இன் ஆனர் ஆஃப், இன் லியூ ஆஃப், இன் ஆன்டிசிபேஷன் ஆஃப். இவற்றை நாள் முழுவதும் எழுதிப் பழகிய கைக்கு, “இன் பிரிப்பரேஷன்” என்று தொடங்கியதும் அடுத்த சொல் “ஆஃப்” என்றே ஓடிவிடும். கடைசியாகச் சொன்ன “இன் ஆன்டிசிபேஷன் ஆஃப்” பொருளிலும் நெருங்கிய உறவினர் என்பதால் அதன் இழுப்பு இன்னும் வலுவானது. எதிர்பார்ப்பு என்றால் “ஆஃப்”, ஆயத்தம் என்றால் “ஃபார்” என்று பிரித்துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே இடத்தில் தவறுவதைப் பார்க்கும்போது, பழியை நம் இலக்கணத்தின் மீது போடுவது நியாயமாகத் தோன்றவில்லை.

“டு” பற்றி: “இன் பிரிப்பரேஷன் டு மூவ்” என்பதைத் தவிர்ப்பது நல்லது. வினையைக் கொண்டுவர வேண்டுமானால் “இன் பிரிப்பரேஷன் ஃபார் மூவிங்” என்று வினைப்பெயராக எழுதலாம். அதைவிட இயல்பாக “பிரிப்பேரிங் டு மூவ்” என்றே எழுதிவிடலாம். “பிரிப்பரேட்டரி டு” என்ற பழைய, சற்றே விறைப்பான தொடர் ஒன்று உண்டு. அங்கே “டு” சரிதான், ஆனால் அது முன்னிடைச் சொல்லாகையால் “பிரிப்பரேட்டரி டு லீவிங்” என்று எழுத வேண்டும். “டு லீவ்” என்று எழுதக் கூடாது. “இன் பிரிப்பரேஷன் டு” என்ற கலவை இந்த இரண்டும் மோதி உண்டான விபத்தாக இருக்கலாம்.

சட்டவரி:

வரைவாளர் சொன்ன இரண்டு உறவினர்களும் ஒரே வரியில் அருகருகே நிற்கும் இடம் ஒன்று என் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளில் 26ஆம் விதி, எதிர்த்தரப்பு கேட்டாலும் பொதுவாகக் கொடுக்க வேண்டியிராத ஆவணங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், “பிரிப்பேர்ட் இன் ஆன்டிசிபேஷன் ஆஃப் லிட்டிகேஷன் ஆர் ஃபார் ட்ரயல்” என்று எழுதுகிறது. வழக்கு வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் தயாரித்தவை, அல்லது விசாரணைக்காகத் தயாரித்தவை. எதிர்பார்ப்புடன் “ஆஃப்”; ஆயத்தத்துடன் “ஃபார்”. ஒற்றை வரிக்குள் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. சட்டம் படிப்பவர்களுக்கு இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வேன். விதிக்கும் உதவும், நடைக்கும் உதவும்.

ஒப்புநோக்கி:

அனைவரும் ஒரே பக்கம் நின்றால் விவாதம் நடக்காது என்பதால் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறேன். நான் மொழிபெயர்ப்பாளன்.

முதல் ஆட்சேபம்: “இன் பிரிப்பரேஷன் ஆஃப்” என்று இணையத்தில் தேடினால் அச்சேறிய நூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் குவியலாகக் கிடைக்கிறது. இத்தனை பேர் எழுதுவதைப் பிழை என்று எப்படித் தள்ளுவது?

இரண்டாவது ஆட்சேபம்: ஆங்கில நடையின் அடித்தளங்களில் ஒன்று என்று போற்றப்படும் 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில், யோவான் 19ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில், “தி பிரிப்பரேஷன் ஆஃப் தி பாஸோவர்” என்றே இருக்கிறது. பாஸ்கா என்பது வரவிருக்கும் பண்டிகை. திருத்துநர் ஐயாவின் கணக்குப்படி எதிரே வந்துகொண்டிருப்பது. அங்கே “ஆஃப்” நிற்கிறதே?

மூன்றாவது, உருபுச் சோதனையைப் பற்றியது. “அறிக்கைக்குத் தகவல் திரட்டினோம்” என்பது நல்ல தமிழ். “கு” உருபு இருக்கிறது. ஆனால் அறிக்கை நாம் ஆக்கும் பொருள். சோதனை இங்கே எந்தப் பக்கம் சாய்கிறது?

பழைய திருத்துநர்:

மூன்றும் நல்ல கேள்விகள், நண்பரே. மூன்றாவது என்னைச் சற்று நேரம் எழுந்து நடக்கவைத்தது.

தேடலில் கிடைக்கும் குவியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பெரும் பகுதி “யூஸ்டு இன் பிரிப்பரேஷன் ஆஃப் தி சாம்பிள்ஸ்” போன்ற வரிகளாக இருக்கும். அங்கே “இன்” என்பது “செய்கையில்” என்ற பொருளைத் தருகிறது. மாதிரிகள் ஆக்கப்படும் பொருள்கள். ஆகவே அது பிழையே அன்று. தொழில்நுட்ப நடையில் “தி” என்ற சுட்டை உதறிவிடுவது வழக்கம் என்பதால், அந்த வரிகள் நாம் பேசும் தொடரைப் போலவே தோற்றமளிக்கின்றன. சுட்டைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்: “இன் தி பிரிப்பரேஷன் ஆஃப் தி சாம்பிள்ஸ்” இயல்பாக நிற்கும். “இன் தி பிரிப்பரேஷன் ஆஃப் தி ஸ்டார்ம்” நிற்காது. புயலை யாரும் ஆக்குவதில்லை. இப்படிக் கழித்த பிறகும் உண்மையான பிழைகள் மிஞ்சும், மிஞ்சட்டும். அவை நாளை வழக்காகிவிடவும் கூடும். இன்று அவற்றை எழுதுகிறவர் ஒரு சிவப்பு வட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யோவான் வசனத்தை எடுத்துத் தந்தமைக்கு நன்றி, ஏனெனில் அது என் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. மூலத்தில் இருப்பது “பரஸ்கெவே” என்ற கிரேக்கச் சொல். அதன் நேர்ப்பொருள் ஆயத்தம். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைக்கு முந்தைய நாளில் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவைத்ததால் அச்சொல்லே வெள்ளிக்கிழமையின் பெயராகிவிட்டது. இன்றைய கிரேக்க மொழியிலும் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் அதுதான். அதனுடன் பாஸ்கா என்ற சொல் ஆறாம் வேற்றுமையை ஒத்த வடிவில் சேர்ந்து நிற்கிறது. இப்போது அது “பாஸ்காவுக்கான ஆயத்த நாள்” என்று பொருள்படுமா, “பாஸ்கா வாரத்தின் வெள்ளிக்கிழமை” என்று பொருள்படுமா என்பதில் அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது பண்டிகைக்கு முன்பா, பண்டிகை நாளிலா என்ற கணக்கே அதைப் பொறுத்து மாறுகிறது. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர்கள் “ஆஃப்” என்று எழுதி மூலத்தின் மயக்கத்தை அப்படியே கடத்திவிட்டார்கள். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்போ “பஸ்காவுக்கு ஆயத்தநாள்” என்று “கு” உருபைப் போட்டு ஒரு பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. “ஆஃப்” இரண்டு பொருளுக்கும் இடம் தரும், “ஃபார்” தராது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மயக்கத்தைக் காப்பாற்ற வேண்டிய கடமை விவிலிய மொழிபெயர்ப்பாளருக்கு இருக்கலாம். தணிக்கைக் குறிப்பு எழுதுகிறவருக்கு இல்லை.

மூன்றாவதில் நீங்கள் சொல்வது சரி. என் சோதனை அங்கே தடுமாறுகிறது. அறிக்கை போன்ற பொருள்களுக்கு இரண்டு தொடர்களும் வரும், காலம் மட்டும் வேறுபடும். எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஆறு கோப்புகளைப் படித்து முடித்தேன் என்றால், “இன் பிரிப்பரேஷன் ஃபார் தி ரிப்போர்ட்”. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவற்றைப் புரட்டிப் பார்த்தேன் என்றால், “இன் தி பிரிப்பரேஷன் ஆஃப் தி ரிப்போர்ட்”. முன்னதைத் தமிழில் “முன்” என்று விரிக்கலாம். பின்னதை “போது” என்று விரிக்கலாம். உருபு கைவிடும் இடத்தில் “முன்னா, போதா” என்று கேட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும்.

ஒப்புநோக்கி:

“முன்னா, போதா” என்பதை எடுத்துக்கொள்கிறேன், ஐயா. முதல் ஆட்சேபத்தில் பாதியை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்; மீதியை வழக்கு தீர்மானிக்கட்டும்.

நுண்நோக்கி:

உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒரு சிறு சேர்க்கை. எங்கள் எழுத்தில் இந்த இரண்டு தொடர்களும் ஒரே பக்கத்தில் வரும், மாற்றி எழுதினால் வாசிப்பவர் சிரித்துவிடுவார். உயிரணு பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. அதை “தி செல் டூப்ளிகேட்ஸ் இட்ஸ் டிஎன்ஏ இன் பிரிப்பரேஷன் ஃபார் டிவிஷன்” என்று எழுதுகிறோம். அந்த உயிரணுவைப் பார்ப்பதற்காகக் கண்ணாடிச் சில்லில் சாயமேற்றி வைப்பதை “இன் தி பிரிப்பரேஷன் ஆஃப் தி ஸ்லைட்ஸ்” என்று எழுதுகிறோம். முதல் வாக்கியத்தில் “ஆஃப் டிவிஷன்” என்று எழுதினால், பிரிதல் என்பது ஏதோ குடுவையில் கலக்கிச் செய்யப்படும் பொருள் போலாகிவிடும்.

இதில் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருப்பது வேறொன்று. “இன் பிரிப்பரேஷன் ஃபார்” என்ற தொடருக்குள் நோக்கம் ஒளிந்திருக்கிறது. உயிரணுவுக்கு நோக்கம் ஏது? அது வரப்போவதை அறிந்து ஆயத்தம் செய்வதில்லை. இரட்டிப்பாக்கிக்கொள்ளாத உயிரணுக்களின் வழித்தோன்றல்கள் பிழைக்கவில்லை, அவ்வளவுதான். ஆயினும் பாடநூல்கள் இத்தொடரைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன; நானும் பயன்படுத்துகிறேன், சுருக்கமாக இருப்பதால்.

இன்னொன்று: சாயமேற்றி முடித்த அந்தச் சில்லுக்கே “ஏ பிரிப்பரேஷன்” என்று பெயர். மருந்தாளுநர்களும் கலந்து முடித்த மருந்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். செயலைக் குறிக்கும்போது எண்ணப்படாத அந்தச் சொல், பொருளைக் குறிக்கும்போது எண்ணப்படும் பெயராகிறது. “மேக் பிரிப்பரேஷன்ஸ் ஃபார்” என்ற தொடரில் பன்மை வருவதை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது; அங்கே அது ஏற்பாடுகள் என்ற பொருளில் வருகிறது. “இன் பிரிப்பரேஷன்ஸ் ஃபார்” என்று பன்மையைத் தொடருக்குள் நுழைப்பது மட்டும் பொருந்தாது.

மைத்துளி:

இத்தனை செய்திகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. திருத்திய வாக்கியம் இது: “இன் பிரிப்பரேஷன் ஃபார் தி ஆடிட், ஆல் லெட்ஜர்ஸ் வேர் ரிகன்சைல்டு.” இதில் வேறு குறை ஏதேனும் தென்படுகிறதா? தொடர் வாக்கியத்தின் தலையில் வந்தால் காற்புள்ளி வேண்டும், வாலில் வந்தால் வேண்டாம் என்பது சரிதானா?

வரைவாளர்:

காற்புள்ளி பற்றி நீங்கள் சொன்னது சரி. குறை என்று சொல்ல முடியாது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு தளர்ச்சி தென்படும். “இன் பிரிப்பரேஷன் ஃபார்” என்று தொடங்கியதும் வாசகர் மனம் “யார் ஆயத்தம் செய்தார்?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்து வரும் எழுவாய் அந்தக் கேள்விக்கு விடையாக இருக்க வேண்டும். உங்கள் வாக்கியத்தில் வந்து நிற்பவை லெட்ஜர்கள். கணக்கேடுகள் தாமாகத் தணிக்கைக்கு ஆயத்தமாவதில்லை. செயப்பாட்டு வினை என்பதால் பின்னால் ஓர் ஆள் இருப்பதை வாசகர் ஊகித்துக்கொள்கிறார். ஆகவே வாக்கியம் விழாமல் நிற்கிறது. அலுவல் நடையில் இது நாள்தோறும் நடப்பது.

விழுகின்ற வாக்கியம் எப்படி இருக்கும் என்றால்: “இன் பிரிப்பரேஷன் ஃபார் தி எக்ஸாம், தி லைட்ஸ் வென்ட் அவுட்.” விளக்குகள் தேர்வை முன்னிட்டு வேண்டுமென்றே அணைந்துவிட்டன என்று பொருளாகிறது. ஒரு பணியாளர் இப்படித்தான் ஒரு கடிதத்தில் “கூட்டத்துக்கான ஆயத்தமாகப் பேருந்து தாமதமாகிவிட்டது” என்று பொருள்படும்படி எழுதி என் மேசைக்கு அனுப்பினார். அவர் சொல்ல வந்தது, கூட்டத்துக்குக் கிளம்பிய வேளையில் பேருந்து தாமதமானது என்பது. அந்தக் கடிதத்தை நான் நெடுநாள் எறியாமல் வைத்திருந்தேன்.

இங்கேதான் “பிஃபோர்” என்ற எளிய சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். காலத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் “பிஃபோர் தி மீட்டிங்” போதும். செய்த வேலை அந்த நிகழ்வுக்காகவே செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டியபோதுதான் “இன் பிரிப்பரேஷன் ஃபார்” தன் கூலியைச் சம்பாதிக்கிறது. “பயணத்துக்கு முன் தூங்கினான்” என்பதும் “பயணத்தை முன்னிட்டுத் தூங்கினான்” என்பதும் ஒன்றல்ல. இரண்டாமவன் இரவெல்லாம் விழித்து வண்டி ஓட்டப்போகிறவன். நான் வரைவுகளைத் திருத்தும்போது இத்தொடரில் பாதியை அடித்துவிட்டு “பிஃபோர்” என்று எழுதுகிறேன், யாரும் எதையும் இழந்ததாகச் சொன்னதில்லை.

உங்கள் வாக்கியத்தில் நோக்கம் உண்டு, ஆகவே தொடர் இருக்கட்டும். எழுவாயை மட்டும் மாற்றுங்கள்: “வீ ரிகன்சைல்டு ஆல் லெட்ஜர்ஸ் இன் பிரிப்பரேஷன் ஃபார் தி ஆடிட்.” யார் செய்தார், எதைச் செய்தார், எதற்காகச் செய்தார் என்று வரிசையாக வந்துவிடுகிறது, காற்புள்ளியும் தேவைப்படவில்லை.

சட்டவரி:

பேச்சு இதற்குள் வந்துவிட்டதால் “பிரிப்பேர்ட் டு” பற்றியும் ஒரு வார்த்தை. “பிரிப்பேர்ட் ஃபார்” என்றால் ஆயத்த நிலை. “பிரிப்பேர்ட் டு” என்றால் பெரும்பாலும் மன இசைவு. “வீ ஆர் நாட் பிரிப்பேர்ட் டு அக்செப்ட் திஸ்” என்று எதிர்த்தரப்பு எழுதினால், அவர்களுக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று பொருளல்ல. மறுக்கிறார்கள் என்று பொருள். தமிழிலும் “ஏற்கத் தயாராக இல்லை” என்ற தொடர் அதே இரட்டை வேடம் போடுகிறது என்பதால் நமக்கு இது புதிதல்ல. “அட்வான்ஸ் பிரிப்பரேஷன்”, “ப்ரீ-பிரிப்பரேஷன்” என்று எழுதுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். லத்தீன் மூலத்திலேயே “முன்” என்ற பொருள் தரும் “ப்ரே” ஒட்டிக்கொண்டிருக்கிறது, நம் “முன்னேற்பாடு” போல. அதற்கு முன் இன்னொரு “முன்” எதற்கு?

மைத்துளி:

வரைவாளர் சொன்னபடி “வீ” என்று தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று காலை குறிப்பு திரும்பி வந்தது. வட்டம் ஏதும் இல்லை, ஓரத்தில் கையொப்பம் மட்டும் இருக்கிறது. நிம்மதியாகக் கோப்பில் வைக்கப் போனபோதுதான் தலைப்பு என் கண்ணில் பட்டது: “ஆடிட் பிரிப்பரேஷன் ரிப்போர்ட்.” உருபும் இல்லை, முன்னிடைச் சொல்லும் இல்லை. தணிக்கைக்கான ஆயத்தமா, தணிக்கையை ஆக்குவதா என்று அதில் யாராலும் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தப்பியதா, வேண்டுமென்றே விட்டுவைத்தாரா என்று தெரியவில்லை. மாற்றித் தரட்டுமா, ஐயா?

பழைய திருத்துநர்:

வேண்டாம், அம்மா. தலைப்பில் தொகை இருக்கலாம். விரிப்பதற்குத்தான் கீழே முதல் வாக்கியம் இருக்கிறதே. கையொப்பம் விழுந்த தாளைத் திரும்ப எடுத்துச் செல்லாதீர்கள்.